கச்சேரிப் பதிவுகளும் பதிப்புரிமைப் புகார்களும்: 21 நாள் விதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் பாடப்படுவது எதுவும் காற்றோடு போவதில்லை. சபாவின் கேமரா ஒருபக்கம், வித்வான் தம் அருகில் வைத்துக்கொள்ளும் ரிக்கார்டர் ஒருபக்கம், மூன்றாம் வரிசை ரசிகரின் கைபேசி ஒருபக்கம் என்று ஒரே கச்சேரி பல இடங்களில் பதிவாகிறது. முந்தைய தலைமுறை சேர்த்துவைத்த ஸ்பூல் டேப்புகளும் கேசட்டுகளும் வேறு இருக்கின்றன. சேகரித்தவர் காலமான பிறகு பிள்ளைகள் அவற்றைக் கணினிக்கு மாற்றி இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். தன்னார்வலர்கள் நடத்தும் சங்கீதப்பிரியா தளம், வணிக வெளியீடுகளைச் சேர்ப்பதில்லை என்ற கட்டுப்பாட்டோடு இத்தகைய கச்சேரிப் பதிவுகளைப் பகிர்ந்து வந்திருக்கிறது. மியூசிக் அகாதெமியிலுள்ள டேக் ஒலி ஆவணக் காப்பகம் தேர்ந்தது வேறு வழி: நேரில் போய் அங்கேயே அமர்ந்து கேட்கலாம்.

இணையத்தில் ஏற்றிவிட்டால் புகாரும் வரத்தான் செய்யும். "எங்கள் பாட்டு உங்கள் தளத்தில் உள்ளது, உடனே நீக்கவும், தவறினால் சட்ட நடவடிக்கை" என்கிற தோரணையில் மூன்று வரி மின்னஞ்சல் ஒன்று வந்து விழும். தளம் நடத்துபவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியராகவோ மென்பொருள் வேலையிலிருக்கும் ரசிகராகவோ இருப்பார். வக்கீல் வைத்துக்கொள்ளும் வசதி இருக்காது. ஆகவே பயந்துபோய்க் கேட்டதையும் கேட்காததையும் சேர்த்து அழித்துவிடுகிறார். அல்லது பதிலே போடாமல் இருந்துவிடுகிறார். முன்னதால் கேட்பவர்களுக்கு நஷ்டம், பின்னதால் அவருக்கே ஆபத்து.

அழிப்பது, அலட்சியப்படுத்துவது என்ற இரண்டுக்கும் நடுவே இந்தியச் சட்டம் மூன்றாவது வழி ஒன்றை வைத்திருக்கிறது. புகாருக்குள்ளான பதிவை 21 நாள் நிறுத்திவைத்து, வழக்குத் தொடுக்கும் பொறுப்பைப் புகார்தாரர் தலையிலேயே வைப்பது அது. அந்த வழியில் போக வேண்டுமானால், எந்த உரிமையைப் பற்றிய புகார் என்பதை முதலில் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கர்நாடக சங்கீதத்தில் அந்தப் பிரிப்பு சினிமாப் பாட்டைவிடச் சிக்கலானது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

2. ஒரு பாட்டுக்குள் இருக்கும் உரிமைகள்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு கச்சேரிப் பதிவை ஒற்றைப் பொருளாகப் பார்ப்பதில்லை. சாகித்யம் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, பாடுவதும் வாசிப்பதும் நிகழ்த்துதல், பிடித்துவைத்தது ஒலிப்பதிவு, வானொலியில் போனது ஒலிபரப்பு. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் வேறு; காலக்கெடுவும் வேறு.

2.1 சாகித்யமும் மெட்டும்

படைப்பாளி இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு என்பது கணக்கு. சியாமா சாஸ்திரி 1827, முத்துசுவாமி தீட்சிதர் 1835, தியாகராஜர் 1847. மும்மூர்த்திகளின் சாகித்யத்தின் மீதோ மெட்டின் மீதோ இன்று யாரும் உரிமை கோர முடியாது. இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். அடுத்த நூற்றாண்டுக்கு வந்தவுடன்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கலாக்ஷேத்ராவில் கற்பித்த மைசூர் வாசுதேவாச்சாரியார் 1961இல் காலமானார். அவருடைய கீர்த்தனைகள் 2022 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து. மயிலாப்பூரில் வாழ்ந்து, கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் மார்கழி பஜனை நடத்திய பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். சட்டப்படி 2033 முடியும்வரை அவருடைய பாடல்களுக்கு உரிமை உண்டு. லால்குடி ஜெயராமன் மறைந்தது 2013. அவருடைய தில்லானாக்களுக்கு 2073 கடைசிவரை. அதாவது இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒன்றில் நடுவே வரும் பிரதான கிருதிக்கு உரிமையாளர் இல்லாமலும் கடைசியில் வரும் ஐந்து நிமிடத் தில்லானாவுக்கு உரிமையாளர் இருந்தும் போகலாம். முழுப் பதிவையும் நீக்கச் சொல்லும் புகார் இந்த இடத்திலேயே பலவீனப்படுகிறது.

சொல்லும் மெட்டும் வெவ்வேறு கையிலிருந்து வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. ஆண்டாளின் திருப்பாவைக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் வயது. ஆனால் மார்கழி விடியலில் சென்னை முழுக்க ஒலிக்கும் திருப்பாவை மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை. அவர் மறைந்தது 1967. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் அந்த மெட்டுகள் 2027 முடியும்வரை பதிப்புரிமைக்குள் இருக்கின்றன. பாசுரம் பாடியதற்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லைதான். என்றாலும் 'பழைய பாட்டு, அதனால் பயமில்லை' என்கிற பொது நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை இந்த உதாரணம் காட்டிவிடுகிறது. பாரதி பாடல்களுக்கும் இதே கதைதான்: சொல் எல்லோருக்கும் சொந்தம், மெட்டு அதை அமைத்தவருக்குச் சொந்தம்.

2.2 பாடியவரும் வாசித்தவரும்

சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநருக்குத் தனி உரிமை தருகிறது. கச்சேரி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டு. பதிவு செய்வது, நகலெடுப்பது, பொதுமக்களுக்குக் கொண்டுபோவது எல்லாவற்றுக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். மேடையில் பாடகர் மட்டுமா இருக்கிறார்? வயலின், மிருதங்கம், கடம் வாசிப்பவர்களும் நிகழ்த்துநர்களே. தனி ஆவர்த்தனம் முழுக்க மிருதங்க, கட வித்வான்களுடையது. பாடகரின் வாரிசு அனுமதி கொடுத்திருக்கிறார் என்பதால் பக்கவாத்தியக்காரரின் வாரிசும் கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வழியில்லை. எனக்குத் தெரிந்தவரை பழைய டேப் சேகரங்களில் மிகவும் கவனிக்கப்படாத இடம் இதுதான். உறையின் மேல் பாடகர் பெயரும் ராகப் பட்டியலும் இருக்கும். மிருதங்கக்காரர் பெயர் பாதி உறைகளில் இருக்காது.

மனோதர்மம் இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. 1994 திருத்தத்துக்குப் பிறகு, இசைப் படைப்பு என்று கருதப்படுவதற்கு அது ஸ்வரக் குறிப்பாக எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. அப்படியானால் அரைமணி நேரத் தோடி ஆலாபனை பாடியவரின் சொந்தப் படைப்பாகவும் ஆகலாம். பதிவின் மூலம் அது நிலைபெற்றும் விடுகிறது. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டில் முடிந்தாலும், இந்த உரிமை வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டுமாக நீளும். நீதிமன்றம் இப்படிச் சொல்லியிருக்கிறது என்று நான் கூறவில்லை. சட்டத்தின் சொற்கள் இந்த வாசிப்புக்கு இடம் தருகின்றன என்பதே என் கணிப்பு. ஆகவே வித்வானோ அவர் குடும்பமோ நேரடியாகப் புகார் செய்தால், 'இது தியாகராஜர் கிருதிதானே' என்று பதில் எழுதுவது சட்டத்திலும் தவறு, மரியாதையிலும் தவறு.

2.3 பதிவு செய்தவர்

ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. இசைத்தட்டுக் கம்பெனிகளின் புகார் எல்லாம் இந்த உரிமையை ஒட்டியே வருகிறது. 1962இல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2022 கடைசியில் முடிந்துவிட்டது. அதே தட்டிலிருந்து கம்பெனி பின்னாளில் ஒலியைச் சீர்செய்து சிடி வெளியிட்டிருந்தால், அந்தச் சீரமைப்புக்குத் தனி உரிமை கோருவார்கள். தளத்திலிருப்பது பழைய தட்டிலிருந்து எடுத்ததா, சிடியிலிருந்து எடுத்ததா என்பதை ஏற்றியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அதனால்தான் அவசியம்.

வெளியிடப்படாத டேப்புக்குக் கணக்கே தொடங்குவதில்லை. ரசிகர் ஒருவர் சபாவில் அமர்ந்து பதிவு செய்திருந்தால், தயாரிப்பாளர் என்ற முறையில் அவருக்கும் ஓர் உரிமை உண்டு என்று வாதிடலாம். ஆனால் 13ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, ஒரு படைப்பின் உரிமையை மீறி எடுக்கப்பட்ட ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்கிறது. பாபநாசம் சிவன் பாடலை அனுமதியில்லாமல் பதிவு செய்தவர், 'என் பதிவை இன்னொரு தளத்தார் எடுத்துவிட்டார்' என்று புகார் செய்தால் அந்தப் புகாருக்குக் கால் ஊன்ற இடமில்லை. சேகரிப்பாளர்களுக்குள் நடக்கும் சண்டைகள் கணிசம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2.4 ஒலிபரப்பு

மயிலாப்பூரை ஒட்டிய காமராஜர் சாலையில் இருக்கும் வானொலி நிலையத்திலிருந்து பரவிய கச்சேரிகளை வீடுதோறும் பதிவு செய்தார்கள். ஒலிபரப்பு உரிமைக்கு ஆயுள் 25 ஆண்டு. 1980இல் ஒலிபரப்பான கச்சேரிக்கு அது 2005இலேயே தீர்ந்துவிட்டது. ஆனால் அதே கச்சேரியில் பாடியவரின் உரிமை 2030 முடியும்வரை இருக்கிறது. வானொலி நிலையம் எடுத்த ஒலிப்பதிவின் உரிமையும் இதிலிருந்து வேறு.

3. பாரதி பாட்டு: ஒரு முன் நிகழ்வு

ஒரு பாட்டின் உரிமை பல கைகளில் பிரிந்து கிடப்பதால் எழும் தகராறு இணையத்தோடு பிறந்ததல்ல. பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிப் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்றைச் சேர்த்தபோது, தமக்கே உரிமை என்று மெய்யப்பன் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. பாட்டை எடுத்துவிட்டுச் சமாதானமாகப் போயிருக்கலாம். சகோதரர்களில் ஒருவரான தி.க. சண்முகம் அப்படிச் செய்யவில்லை. பாரதி பொதுச் சொத்தாக வேண்டும் என்ற இயக்கத்தில் முன்னால் நின்றார். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளை வாங்கியது. மெய்யப்பன் தம் வசமிருந்த உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பிறகு படைப்புகள் எல்லோருக்கும் பொதுவாயின. இந்த வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி ஆவணங்களோடு விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த வழக்காறு தமிழ்நாட்டில் நூல்களுக்கு நாட்டுடைமை என்ற ஏற்பாடாக வளர்ந்தது. சங்கீதத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு வேரூன்றவில்லை. வாரிசுக்கு ஒரு தொகை கொடுத்து வாக்கேயக்காரர்களின் சாகித்யங்களைப் பொதுவாக்கியிருந்தால், இக்கட்டுரையின் இரண்டாம் பகுதி பாதியாகக் குறைந்திருக்கும்.

4. சட்டம் வைத்திருக்கும் ஏற்பாடு

4.1 52(1)(சி) பிரிவும் 75ஆம் விதியும்

2012 திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்தில் 52(1)(சி) என்ற பிரிவைச் சேர்த்தது. இணைப்போ அணுகலோ தருவதன் பொருட்டுத் தற்காலிகமாகவோ இடைநிகழ்வாகவோ ஒரு படைப்பைச் சேமித்துவைப்பது மீறல் ஆகாது. ஆனால் உரிமையாளர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால், 21 நாளைக்கோ நீதிமன்ற உத்தரவு வரும்வரையோ அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துகொள்ளலாம்.

புகார் எப்படி இருக்க வேண்டும் என்பதை 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதி சொல்கிறது. எந்தப் படைப்பு என்று அடையாளம் காணும் அளவுக்கு விவரம் வேண்டும். தாமே உரிமையாளர் அல்லது தனியுரிமம் பெற்றவர் என்று காட்ட வேண்டும். இந்தப் பிரதி மீறல் பிரதி என்பதோடு, 52ஆம் பிரிவு அனுமதிக்கும் பயன்பாடுகளில் அது அடங்காது என்பதையும் காட்ட வேண்டும். பதிவு இருக்கும் இடம் குறிப்பிடப்பட வேண்டும். ஏற்றியவர் யார் என்று தெரிந்திருந்தால் அதுவும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்றியவர் மீது வழக்குத் தொடுத்து 21 நாளுக்குள் உத்தரவு கொண்டுவருகிறேன் என்ற உறுதிமொழி வேண்டும். முன்னே சொன்ன மூன்று வரி மின்னஞ்சலில் இவற்றில் ஒன்றுகூட இராது.

அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே புகார் வந்ததும் நீக்க வேண்டும். ஏற்றியவர் எதிர் அறிவிப்புக் கொடுத்தால்தான் 10 முதல் 14 வேலை நாளில் திரும்ப வரும். தொடர்புகொள்ள ஆளில்லாத பழைய பதிவாக இருந்தால் எதிர் அறிவிப்புக் கொடுக்க யார் வருவார்? இந்திய விதியில் ஏற்றியவர் மௌனமாக இருந்தாலும் பதிவு திரும்பலாம். புகார்தாரர் நீதிமன்றப் படி ஏறியாக வேண்டும். காப்பகங்களுக்கு உகந்தது இதுதான் என்பது என் கருத்து.

4.2 யார் இடைநிலையர்?

இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் கிடைக்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, உள்ளடக்கத்தைத் தாமே தேர்ந்தெடுக்காமலும் மாற்றாமலும் பிறர் ஏற்றுவதற்கு இடம் மட்டும் தருபவரைத்தான் இடைநிலையராகக் கருதுகிறது. தம் மேடைக் கச்சேரியைத் தாமே படம்பிடித்துத் தம் தளத்தில் போடும் சபா இடைநிலையர் அல்ல, வெளியீட்டாளர். மாமாவின் கேசட்டுகளைத் தாமே ஏற்றியவரும் அப்படித்தான். உறுப்பினர்கள் ஏற்றும் தளமே இடைநிலையர் தகுதியைக் கோர முடியும். இரண்டையும் கலந்து நடத்தும் தளங்கள், எந்தப் பதிவு யார் ஏற்றியது என்ற கணக்கைப் பிரித்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு ஐயமும் உண்டு. 75ஆம் விதி 'தற்காலிக, இடைநிகழ்வான' சேமிப்பைப் பற்றியது. நிரந்தரமாகப் பதிவை வைத்திருக்கும் காப்பகத்துக்கு அது பொருந்துமா என்பது எழுத்தளவில் விவாதத்துக்கு உரியது. டி-சீரிஸ் நிறுவனம் மைஸ்பேஸ் மீது தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு 2016 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, 79ஆம் பிரிவையும் பதிப்புரிமைச் சட்டத்தையும் முரணின்றிச் சேர்த்து வாசித்தது. பொதுவாக 'எங்கள் பாடல்கள் எல்லாம்' என்று பட்டியல் நீட்டினால் போதாது, குறிப்பான இடத்தைச் சுட்ட வேண்டும் என்றது. பதிப்புரிமையைப் பொறுத்தவரை அப்படிச் சுட்டியபின் நீதிமன்ற உத்தரவுக்காகத் தளம் காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆகவே 75ஆம் விதியைக் கவசமாக முழுதும் நம்பிவிடாமல், நடைமுறை ஒழுங்காக ஏற்றுக்கொள்வதே விவேகம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும் ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. அது பிணையில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லிவிட்டதையும் மறக்கக் கூடாது.

5. புகார் வந்த நாளிலிருந்து

2021ஆம் ஆண்டு இடைநிலையர் விதிகள் வந்தபோது, தளத்தில் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும், 24 மணி நேரத்தில் புகார் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளில் தீர்க்க வேண்டும் என்றன. தனி ஒருவர் நடத்தும் தளமானாலும் அவரே அந்த அலுவலர் என்று போட்டுவிடலாம். காலக்கெடுக்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்பிலுள்ள விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் பதிலில் மன்னிப்பும் வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். பெற்ற தேதியும் நேரமும், புகாரில் என்னென்ன குறைகின்றன என்பதும் போதும். ஒரு மாதிரி நேர்வை எடுத்துக்கொள்வோம். 1974இல் தியாகராய நகர் சபா ஒன்றில் நடந்த கச்சேரியின் பதிவு. ஓர் இசைக் கம்பெனி, அதிலுள்ள பாபநாசம் சிவன் பாடல் தங்களுடையது என்கிறது. கம்பெனி கோருவது சாகித்யத்தையா, ஒலிப்பதிவையா? ஒலிப்பதிவு என்றால், சபாவில் ரசிகர் எடுத்த டேப் அவர்களுடைய இசைத்தட்டாக இருக்க முடியாது; இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டால், ரசிகர்களின் கைதட்டலும் தம்புராவின் சுருதியுமே வித்தியாசத்தைச் சொல்லிவிடும். சாகித்யம் என்றால், சிவனின் வாரிசுகளிடமிருந்து எழுதி வாங்கிய பத்திரத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். பத்திரம் வந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பாட்டு இருக்கும் பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம். கச்சேரியின் மற்ற பகுதிகள் இருக்கட்டும். பாடியவரின் உரிமையோ 2024 கடைசியோடு முடிந்துவிட்டது. அதற்காகப் புகார் வந்தால் சட்டப்படி நிறுத்த வேண்டியதில்லை, குடும்பத்தாரிடம் பேசிக்கொள்ளலாம்.

நிறுத்திய இடத்தில் வெறும் பிழைச்செய்தி வரக் கூடாது. ஏன் நிறுத்தப்பட்டது என்பதைக் கேட்க வருபவருக்குத் தெரியும்படி அறிவிப்புப் போட வேண்டும் என்பதும் 75ஆம் விதியின் கட்டளைதான். ஏற்றியவருக்கு அதே நாளில் தகவல் போக வேண்டும். பெட்டியில் கிடக்கும் அசல் டேப்பின் உறை, கச்சேரி நோட்டீஸ், அழைப்பிதழ் ஏதாவது இருந்தால் அவர்தான் கொடுக்க முடியும். கோப்பை அழிக்கக் கூடாது. அழித்தபின் உத்தரவு வராமல் போனால், பழைய டேப் பூஞ்சை பிடித்திருந்தால், திரும்ப ஏற்ற எதுவும் இருக்காது.

6. முழுத் தளத்தை முடக்கினால் என்ன ஆகும்: 2012

குறிப்பான முகவரி ஏன் வேண்டும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே பார்த்தோம். 'கொலவெறி' பாட்டால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட '3' படம் 2012 மார்ச் 30இல் வெளியானது. தயாரிப்பாளரான ஆர்.கே. புரொடக்‌ஷன்ஸ், பெயர் தெரியாத மீறலாளர்களையும் பிஎஸ்என்எல் உள்ளிட்ட இணையச் சேவை நிறுவனங்களையும் எதிர்த்துத் தடை வாங்கியது. நிறுவனங்கள் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் முழுத் தளங்களையே முடக்கின. மே மாதம் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் ஆகியவை பலருக்குத் திறக்கவில்லை. குறும்படம் எடுப்பவர்கள் தம் சொந்த வேலையைத் தாமே பார்க்க முடியாத நிலை. ஜூனில் நீதிமன்றம் விளக்கம் அளித்தது: தடை, மீறல் பிரதி இருக்கும் குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டுமே, முழுத் தளத்துக்கு அல்ல, அந்த முகவரியைத் தர வேண்டியவர் மனுதாரர்.

திருட்டுக்கென்றே நடத்தப்படும் தளங்கள் வேறு வகை. 2018 நவம்பரில் '2.0' வெளியீட்டுக்கு முன் இதே நீதிமன்றம் 12,000க்கும் மேற்பட்ட இணைய முகவரிகளை முடக்க உத்தரவிட்டது. தமிழ்ராக்கர்ஸ் பெயரிலானவையும் அவற்றில் இருந்தன. கச்சேரிக் காப்பகத்தை இந்த வகையோடு சேர்த்துப் பேசும் வக்கீல் நோட்டீஸ்களுக்கு 2012 விளக்கமே பதில்.

7. இயந்திரம் கொடுக்கும் புகார்

சபாக்களுக்கு இன்று அதிகத் தொல்லை மனிதர் எழுதும் புகாரால் அல்ல. யூடியூபின் கன்டென்ட் ஐடி முறை, கம்பெனி கொடுத்துவைத்த ஒலிப்பதிவோடு புதிய பதிவை ஒப்பிடுகிறது. மெட்டையும் ஒப்பிடும் வசதி அதில் உண்டு. கர்நாடக சங்கீதத்தில் இது வில்லங்கம். ஒரே குரு பரம்பரையில் பாடாந்தரம் பெற்ற இருவர் அதே கிருதியை, அதே சங்கதிகளோடு, அதே காலப்பிரமாணத்தில் பாடுவார்கள். பாட வேண்டும் என்பதே பயிற்சியின் நோக்கம். இயந்திரத்துக்கு அது நகலாகத் தெரியக்கூடும். தியாகராஜர் கிருதிக்கு விளம்பர வருமானம் எங்கோ ஒரு கம்பெனிக்குப் போகும்.

இங்கே 21 நாள் விதி நேரடியாக உதவாது. அந்தத் தளத்தின் சொந்த விதிதான் செல்லும். உரிமைகோரலை மறுத்தால் கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் விடாப்பிடியாக இருந்தால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு 7 நாள். மேல்முறையீட்டுக்குப் பிறகு அவர் முறையான நீக்கக் கோரிக்கை கொடுத்தால் எச்சரிக்கைப் புள்ளி விழும். 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். அதனால்தான் நியாயம் தம் பக்கம் இருந்தும் பலர் மறுப்பதில்லை. மறுப்பவர்கள் "இது எங்கள் கச்சேரி" என்று மட்டும் எழுதாமல், வாக்கேயக்காரர் பெயர், அவர் மறைந்த ஆண்டு, கச்சேரி நடந்த தேதி, மண்டபம், கலைஞர்களின் எழுத்து மூலச் சம்மதம் ஆகியவற்றைக் குறிப்பிடுவது பலன் தரும். கலைஞர்களிடம் ஒரு பக்கச் சம்மதக் கடிதத்தைச் சன்மானக் காசோலையோடு சேர்த்தே வாங்கிவைக்கும் பழக்கம் எல்லாச் சபாக்களுக்கும் வர வேண்டும்.

8. நூல்கள்: சுருக்கமாக

தியாகராய நகர்ப் பதிப்பகங்களின் புத்தகங்களை ஸ்கேன் செய்து பரப்புவது அப்பட்டமான மீறல். அதில் ஆய்வதற்கு அதிகம் இல்லை. கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்களை வைத்திருப்பது இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிக்கல் உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. கல்கி மறைந்தது 1954. நாட்டுடைமை ஆகாமல் இருந்திருந்தாலும் உரைக்கான உரிமை 2014 கடைசியில் முடிந்திருக்கும். ஆனால் தொடருக்குப் படம் வரைந்த மணியம் 1968இல் மறைந்தார். அந்த ஓவியங்களுக்கு 2028 முடியும்வரை உரிமை இருக்கிறது. நாவலின் உரையை ஏற்றும் தளம் வந்தியத்தேவன் படத்தையும் சேர்த்தால் புகாருக்கு முகாந்திரம் உண்டு. இங்கும் படத்தை நிறுத்தினால் போதும், நாவலை நிறுத்த வேண்டியதில்லை. பொது நூலகங்கள் தம்மிடமுள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக எண்ம வடிவில் சேமிக்க 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. சேமிப்பது வேறு, இணையத்தில் திறந்துவிடுவது வேறு.

9. 22ஆம் நாள்

உத்தரவு வராவிட்டால் பதிவை மீட்டுவைக்கலாம் என்று விதி சொல்கிறது. மீட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நடைமுறையில் நிறுத்தியது நிறுத்தியதாகவே கிடந்துவிடுகிறது, நினைவுபடுத்த யாருமில்லை. நிறுத்தும் நாளிலேயே 22ஆம் நாளைக் குறித்துவைத்து, அன்று புகார்தாரருக்கு ஒரு வரி எழுதிவிட்டுத் திறப்பதே ஒழுங்கு. மீட்ட பிறகு அதே ஆள், அதே படைப்பு, அதே இடம் என்று மறுபடி புகார் கொடுத்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்றும் 75ஆம் விதி சொல்கிறது. ஆனால் பதிவை வேறு முகவரிக்கு மாற்றிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். எனவே மீட்கும்போது பழைய முகவரியிலேயே மீட்க வேண்டும். புகார், பதில், நிறுத்திய நேரம், திறந்த நேரம் நான்கையும் ஒரே கோப்பில் வைக்க வேண்டும்.

மிரட்டல் கடிதம் தொடர்ந்து வந்து, வழக்கு மட்டும் வராமலே இருந்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு கைகொடுக்கும். ஆதாரமற்ற மிரட்டலுக்கு உள்ளானவர் தாமே நீதிமன்றம் போய், மீறல் இல்லை என்ற தீர்ப்பையும் மிரட்டலுக்குத் தடையையும் நட்டஈட்டையும் கேட்கலாம். தேனாம்பேட்டையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டபின், 2023 ஏப்ரல் முதல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. அங்கே 60ஆம் பிரிவின்கீழ் ஒரு கச்சேரிக் காப்பகம் வாதியாக நிற்குமானால், இரண்டாம் பகுதியில் ஐயமாக விட்ட ஆலாபனைக் கேள்விக்கும் நான்காம் பகுதியில் விட்ட நிரந்தரச் சேமிப்புக் கேள்விக்கும் விடை கேட்க வாய்ப்புக் கிடைக்கும்.